அயர்லாந்தின் கிராமத்து வீடு: குட்டை மரமும் அணையாத கணப்பும்

அயர்லாந்தின் பழைய கிராமத்து வீடுகள் எல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்தவை போல நீளமாகவும் தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருக்கின்றன, அவற்றை எப்படிக் கட்டினார்கள், உள்ளே என்னென்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே அச்சு என்பது தூரத்துப் பார்வையில் தோன்றுவது. அருகில் சென்றால் வடமேற்கிலுள்ள டொனிகாலின் வீடும் தென்கிழக்கிலுள்ள வெக்ஸ்ஃபோர்டின் வீடும் சுவரிலும் கூரையிலும் வாசலிலும் வேறுபடுவதைக் காணலாம். ஆயினும் அவை அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. அதைக் குட்டையான மரம், ஒற்றை நெருப்பு என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் மரத்தைப் பார்ப்போம். இவ்வீடுகளின் அகலம் எப்போதும் ஓர் அறை அளவே. உள்ளகலம் பெரும்பாலும் 12 முதல் 15 அடிக்குள் நின்றுவிடும். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் அமையும். நடைவழி என்று தனியாக ஒன்று கிடையாது, ஓர் அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். கூரையின் முழுப் பாரத்தையும் சுவர்களே தாங்குகின்றன. எதிரெதிர்ச் சுவர்களிலிருந்து எழுந்து முகட்டில் சந்திக்கும் கைமரங்கள் எவ்வளவு நீளம் கிடைக்குமோ அந்த அளவுக்குத்தான் வீடு அகலமாக முடியும். அயர்லாந்தின் காடுகளில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அழிந்துபோயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான் காடாக இருந்தது. எஞ்சிய நல்ல மரங்களும் நிலவுடைமையாளரின் தோட்டங்களுக்குள் இருந்தன. குடியானவன் அவற்றில் கை வைக்க முடியாது.

அவனுக்குக் கிடைத்த மரம் சதுப்பு நிலத்தின் அடியில் புதைந்து கிடந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த ஓக் மரங்களும் பைன் மரங்களும், காற்றுப் புகாத அந்த ஈரத்தில் மட்காமல் கறுத்து இறுகிக் கிடந்தன. நீண்ட இரும்புக் கம்பியைச் சேற்றுக்குள் குத்திப் பார்த்து மரத்தைத் தேடுவார்கள். விடியற்காலையில் பனித்துளி எங்கே முதலில் மறைகிறதோ அதன் அடியில் மரம் இருக்கும் என்று கணித்துத் தோண்டியவர்களும் உண்டு. கடலோரத்தில் கரை ஒதுங்கிய மரமும், உடைந்த கப்பல்களின் பலகையும் கூரையாயின, கட்டிலாயின.

அகலத்தைக் கூட்ட வழியில்லாததால், குடும்பம் பெருகினால் வீடு நீளும். வசதி பெருகினால் மேலே ஒரு தளம் ஏறும். நீட்டுவதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டை மேற்குப் பக்கமாக நீட்டுகிறவன் கடவுளை விட வலியவனாக இருக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே பரவலாக வழங்கியது. புது வீட்டுக்கு மனை தேர்ந்தால், அது தேவதைகள் நடமாடும் பாதையில் குறுக்கிடுகிறதா என்று பார்க்க நான்கு மூலைகளிலும் கல்லை அடுக்கி வைத்துவிட்டு வருவார்கள். விடிந்தபின் கல் கலைந்திருந்தால் வேறு இடம் பார்ப்பார்கள்.

இனி நெருப்பு. இவ்வீட்டின் நடுப்பொருள் அடுக்களை. அதற்குள் தரைமட்டத்திலேயே, மேடையோ இரும்புத் தட்டியோ இல்லாமல் எரியும் கணப்பு இருக்கும். இந்தக் கணப்புக்கும் வாசலுக்கும் உள்ள உறவை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அயர்லாந்தின் வீடுகளை இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கிறார்கள். வடக்கிலும் மேற்கிலும் கணப்பு வாசலுக்குத் தொலைவில், அடுக்களையின் மறுகோடியில் இருக்கும். கதவைத் திறந்தால் நேராக அடுக்களைக்குள்தான் நுழைவோம். கிழக்கிலும் தென்கிழக்கிலும் கணப்பு வாசலுக்கு அருகிலேயே இருக்கும். காற்று நெருப்பைக் கலைக்காதபடி இரண்டுக்கும் இடையே ஒரு சிறு தடுப்புச் சுவர் நிற்கும். உள்ளே நுழைகிறவர் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தடுப்புச் சுவரில் கையகலத்துக்கு ஒரு சன்னல் வைத்திருப்பார்கள். கணப்பருகே அமர்ந்திருப்பவர் எழாமலே வாசலில் வருவது யார் என்று அதன் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அயர்லாந்தின் மேற்குப் பகுதி வீடுகளில் இன்னொரு சிறப்பு, முன்சுவரிலும் பின்சுவரிலும் நேருக்கு நேராக இரண்டு கதவுகள் இருப்பது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தக் கதவைச் சாத்தி மற்றதைத் திறந்து வைப்பார்கள். இந்த அமைப்பு மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நீள்வீட்டின் எச்சம் என்று கருதப்படுகிறது. அத்தகைய வீட்டில் மேல்கோடியில் கணப்பும் குடும்பமும், சரிவான கீழ்கோடியில் மாடுகளும் இருக்கும்; கழிவு நீர் ஓட ஒரு வாய்க்கால் தரையில் வெட்டியிருக்கும். வெளியிலிருந்து வந்த பயணிகள் இதை அருவருப்புடன் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மழையும் குளிரும் மாதக்கணக்கில் நீடிக்கும் நாட்டில், ஒன்றிரண்டு பசுக்களே சொத்தாக இருந்த குடும்பம் அவற்றைத் தன் கண் பார்வையில் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. மாடுகளின் உடற்சூடும் வீட்டுக்குப் பயன்பட்டது. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பசு அதிகம் பால் கறக்கும் என்றும் அவர்கள் நம்பினார்கள்.

சுவர்கள் மண்ணைப் பொறுத்தவை. கல் மலிந்த மேற்கிலும் வடக்கிலும் கற்சுவர். களிமண் ஆழமாக உள்ள கிழக்கிலும் தென்கிழக்கிலும் மண்சுவர். கற்சுவர் ஏறத்தாழ இரண்டடிக் கனம். உள்முகம், வெளிமுகம் என இரண்டு வரிசைகளாகக் கல்லை அடுக்கி, இடையில் சிறு கற்களை நிரப்பி, இரண்டையும் பிணைக்க ஆங்காங்கே நீண்ட கற்களைக் குறுக்கே போடுவார்கள். சுண்ணாம்புச் சாந்து வசதி உள்ளவர்களுக்கே. மற்றவர்கள் மண்சாந்தைக் கொண்டு சமாளித்தார்கள். மண்சுவருக்கு அச்சுப்பலகை எதையும் பயன்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. களிமண்ணில் நறுக்கிய வைக்கோலோ கோரையோ கலந்து, நீர் விட்டு மிதித்துப் பதப்படுத்தி, கல் அடித்தளத்தின் மேல் கவைமுள்ளால் அள்ளி வைத்து மிதிப்பார்கள். ஒரு படை காய்ந்த பின்பே அடுத்த படை. சுவர் முழு உயரம் எழுந்து இறுகிய பிறகு கூர்மையான மண்வெட்டியால் இரு முகங்களையும் செதுக்கிச் சமன் செய்வார்கள். கூரை ஒழுகாத வரை இந்தச் சுவருக்கு அழிவில்லை; இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பவையும் இருக்கின்றன.

அந்த வெள்ளை நிறத்தைப் பற்றி ஒரு சொல். சுண்ணாம்பு அடித்தது அழகுக்காக மட்டும் அன்று. அது சுவரின் பிளவுகளை அடைத்து மழைநீரைத் தள்ளிவிடும், அதே வேளையில் உள்ளீரம் ஆவியாகி வெளியேறவும் இடம் கொடுக்கும். குருமார் கிராமத்துக்கு வந்து வீடு வீடாக முறைவைத்துத் திருப்பலி நடத்தும் வழக்கம் இருந்ததால், தன் முறை வரும் ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் வீட்டை முழுக்கச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிடும்.

கூரையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைத்திறன் முழுவதும் அங்கேதான் இருந்தது. கைமரங்களின் மேல் நீளவாக்கில் மரங்களும், அவற்றின் மேல் நெருக்கமாகச் சுள்ளிகளும் பரப்பிய பின் உடனே வைக்கோல் வேய்ந்துவிட மாட்டார்கள். முதலில் வேரோடு கூடிய புற்பத்தை ஒன்றைப் போர்த்துவார்கள். புல்தரையைச் சில அங்குலக் கனத்தில், முகட்டிலிருந்து இறவாரம் வரை எட்டும் நீளத்துக்குச் சீவி எடுத்து, கம்பளத்தைச் சுருட்டுவதுபோல் ஒரு கழியில் சுருட்டி மேலே ஏற்றி, புல் பக்கம் மேலாக விரித்து, மரத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். இது வெதுவெதுப்பைக் காக்கும். மேலே வேயப்படும் வைக்கோலைக் குச்சிகளால் குத்தி நிறுத்தவும் இதுவே பிடிமானம்.

வேய்ந்த பொருள் அந்தந்த வட்டாரத்தில் விளைந்தது: கோதுமை, ஓட்ஸ், ரை தானியங்களின் வைக்கோல்; வடக்கில் ஆளித்தண்டு; கடலோரத்தில் மணற்புல்; ஆற்றங்கரையில் நாணல்; ஏழைகளுக்குக் கோரையும் ஹெதர் புதரும். ஓட்ஸ் வைக்கோல் சில ஆண்டுகளில் நைந்துவிடும். நல்ல நாணல் 20, 30 ஆண்டுகள் தாங்கும். நாட்டின் பெரும்பகுதியில் ஸ்காலப் எனப்படும் முறை நிலவியது. ஹேசல் அல்லது வில்லோ மரத்தின் இளங்கழிகளைச் சீவி, முறுக்கி, கொண்டை ஊசி போல வளைத்து வைக்கோலின் ஊடாகப் புற்பத்தையில் குத்துவார்கள். 'காற்றடிக்கும் நாள் ஸ்காலப் வெட்டும் நாள் அன்று' என்பது இன்றும் வழக்கில் உள்ள ஐரியப் பழமொழி. கூரை பறக்கத் தொடங்கிய பிறகு கழி தேடிப் போகிறவனுக்கான ஏச்சு அது. அட்லான்டிக் கரையில் கழிகள் போதா. அங்கே கயிறுகளை வலைபோலக் கூரையின் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, இறவாரத்தின்கீழ்ச் சுவரில் பதித்த கல்முளைகளில் கட்டினார்கள், அல்லது கயிற்று நுனியில் கனத்த கற்களைத் தொங்கவிட்டார்கள். கிழக்கின் சில பகுதிகளில் கழியும் இல்லை, கயிறும் இல்லை. கைப்பிடி அளவு வைக்கோலை முடிச்சிட்டு, கவைக்கோல் போன்ற கருவியால் பழைய கூரைக்குள் அழுத்திச் செருகிவிடுவார்கள்.

கூரையின் வடிவமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மேற்கிலும் வடக்கிலும் வீட்டின் இரு முனைகளிலும் சுவர் முகடு வரை முக்கோணமாக எழும். கிழக்கிலும் தென்கிழக்கிலும் கூரை நான்கு பக்கமும் சரிந்து இறங்கும். மழையில் நனைந்து கரையக்கூடிய மண்சுவரை உயரமாக எழுப்பாமல் கூரைக்குள் ஒளித்துவைக்கும் அறிவுடைமை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்தகைய வீட்டில் புகைபோக்கியைத் தாங்க முனைச்சுவர் இல்லை. ஆகவே கணப்பு வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்ந்து, வாசலுக்கு நேராக அமைவதும் அதனுடன் பொருந்திப் போகிறது.

காற்று எப்படிப்பட்ட எதிரி என்பதற்கு 1839 ஜனவரி 6ஆம் நாள் இரவு சான்று. 'பெருங்காற்றின் இரவு' என்று அயர்லாந்து நினைவில் வைத்திருக்கும் அந்தப் புயலில் எண்ணற்ற கூரைகள் பறந்தன. சிதறிய கணப்புத் தணலிலிருந்து தீப்பற்றி எரிந்த வீடுகளும் பல. 70 வயது நிரம்பியவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1908இல் வந்தபோது, முதியவர்கள் பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. அனைவருக்குமான பதிவே 1864இல்தான் தொடங்கியது. அந்த இரவு நினைவிருக்கிறது என்று சொன்னவர்கள் வயது நிரம்பியவர்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். திடீரென்று நினைவாற்றல் பெருகியவர்கள் அந்த ஆண்டு நாடெங்கும் தோன்றியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

வீட்டுக்குள் வருவோம். கணப்பில் எரிவது சதுப்பு நிலத்தின் மட்கிய தாவர மண்ணைச் செங்கல் வடிவில் வெட்டி, கோடையில் காயவைத்து அடுக்கிய டர்ஃப். சுடர்விடாமல் மெல்லக் கனலும் இந்த எரிபொருளை அணையவிடாமல் வைத்திருப்பது எளிது. இரவு படுக்கும் முன் தணலைக் கூட்டிச் சாம்பலால் மூடுவாள் வீட்டுத் தலைவி; அப்போது சொல்வதற்கென்றே சிறு வேண்டுதல்கள் இருந்தன. காலையில் நீறு பூத்த அந்த நெருப்பைக் கிளறிப் புது டர்ஃபை வைத்தால் பற்றிக்கொள்ளும். தலைமுறைக்கணக்கில் அணையாத கணப்பு என்று பெருமை பேசிய குடும்பங்கள் உண்டு. 'உன் கணப்பைப் போல் ஒரு கணப்பில்லை' என்பதுதான் வீட்டைப் பற்றிய அவர்களின் தலையாய பழமொழி. கணப்பின் ஓரத்தில் சுழலும் இரும்புக் கை ஒன்று நிற்கும். அதில் மாட்டிய கொக்கியை ஏற்றி இறக்கிப் பானையின் சூட்டை மட்டுப்படுத்துவார்கள். ரொட்டி சுடத் தனிச் சூளையடுப்பு கிடையாது. கால் வைத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்துக்குள் மாவை வைத்து மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்புவார்கள். தெற்கே அதற்குப் பாஸ்டிபிள் என்று பெயர்.

வடமேற்கு மாவட்டங்களான டொனிகால், ஸ்லைகோ, மேயோ போன்றவற்றில் கணப்பின் பக்கத்துச் சுவரைச் சற்றே வெளித்தள்ளிக் கட்டி, ஒரு கட்டில் நுழையும் மாடத்தை உண்டாக்கியிருப்பார்கள். பகலில் திரையிட்டு மூடிய அந்த இடம் வீட்டிலேயே மிக வெப்பமான படுக்கை, பெரும்பாலும் முதியவர்களுக்கானது. மேற்கிலுள்ள கிளேர் போன்ற இடங்களில் மகன் மணம் முடித்து மருமகள் வந்ததும், கணப்புக்குப் பின்னாலுள்ள 'மேற்கு அறை'க்குப் பெற்றோர் குடிபெயர்வார்கள்.

மரம் அரிதான நாட்டில் தட்டுமுட்டுப் பொருள் ஒவ்வொன்றும் இரண்டு வேலையாவது செய்தாக வேண்டும். இதற்குச் சிறந்த சான்று செட்டில் என்னும் படுக்கை. பகலில் அது உயர்ந்த முதுகுள்ள நீண்ட இருக்கை. இரவில் அதன் பெட்டியை முன்பக்கமாகத் தரையில் விரித்தால் வைக்கோல் மெத்தை போட்ட கட்டில். குழந்தைகளோ, ஊர் ஊராகச் செல்லும் வழிப்போக்கரோ அதில் உறங்குவார்கள். மேசை பல வீடுகளில் சுவரோடு கீல் வைத்து மடக்கப்பட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிரம்புக் கூடையில் கொட்டி நீரை வடித்து, அந்தக் கூடையைப் பானையின் மேலேயே வைத்துவிட்டால் அதுதான் மேசை. சுற்றிக் குட்டையான முக்காலிகளில் அமர்ந்து கையால் எடுத்து உண்பார்கள். மேடுபள்ளமான மண்தரையில் நான்கு கால் ஆடும், மூன்று கால் ஆடாது. இருக்கைகள் குட்டையானதற்கும் காரணம் இருந்தது: சரியாக இழுக்காத புகைபோக்கி உள்ள வீட்டில் புகை மேலே தங்கும், தாழ்வாக உட்கார்ந்தவருக்குக் கண் எரியாது. வைக்கோலை முறுக்கிய பிரியால் இருக்கை பின்னிய நாற்காலிக்குச் சூகான் என்று பெயர்.

வீட்டுத் தலைவியின் பெருமைக்குரிய பொருள் டிரெஸ்ஸர் எனப்படும் பாத்திர அலமாரி. மேல்தட்டுகளில் வண்ணப் பீங்கான்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பல வெறும் காட்சிக்கே. கீழ்ப்பகுதியைக் கம்பியடைத்துக் கோழிக்கூடாக்கிய அலமாரிகளும் இருந்தன. இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் கணப்பின் சூட்டில் கோழிகள் குளிர்காலத்திலும் முட்டையிட்டன. முட்டை விற்ற காசு பெண்ணின் கைக்காசு. மேலே அடுக்கிய பீங்கான்களை வாங்கித் தந்தது கீழே அடைந்திருந்த கோழிகளாகத்தான் இருக்க வேண்டும்.

இவை அனைத்தும் சுவரோரமாகவே நிற்கும். நடுத்தளம் வெறுமையாகக் கிடக்கும். நூற்பு, வெண்ணெய் கடைதல், விருந்தாளிகள், நடனம், இறந்தவரைக் கிடத்துதல் எல்லாம் அங்கேதான். நடனத்தின்போது காலடி ஓசை எதிரொலிக்கட்டும் என்று கணப்பின் முன்னுள்ள தளக்கல்லின் அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்து வைத்த வீடுகளும் உண்டு. வெளிச்சத்துக்குக் கோரைத் தண்டை உரித்துக் கொழுப்பில் தோய்த்த திரி. கதவருகே பிப்ரவரி முதல் நாளுக்கு முந்தைய இரவில் கோரையால் பின்னிய புனித பிரிஜித்தின் சிலுவை. வாசலில் இரண்டு கதவுகள்: முழுக்கதவு பகலெல்லாம் திறந்திருக்க, அரைக்கதவு மட்டும் சாத்தியிருக்கும். குழந்தை வெளியே போகாது, கோழி உள்ளே வராது, வெளிச்சமும் காற்றும் வரும்; மாலையில் அதன் மேல் கையூன்றி நின்று தெருவில் போகிறவரிடம் பேசவும் செய்யலாம்.

இதுவரை விவரித்தது ஓரளவு நிலம் உள்ளவரின் வீடு. கூலிகளின் நிலை வேறு. 1841ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது; ஒற்றை அறை மண்குடிசை நான்காம் வகுப்பு. குடியிருந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஏறத்தாழ 4,91,000 அந்த வகுப்பைச் சேர்ந்தவை. 1851இல் அவை 1,35,000 அளவுக்குச் சுருங்கிவிட்டன. வீடு மேம்பட்டதால் அல்ல. 1845இல் உருளைக்கிழங்கு நோயோடு தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அவற்றில் வாழ்ந்தவர்கள் மாண்டார்கள், கப்பலேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டுக் கூரை பிரிக்கப்பட்டது. ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்குக் குறைந்த குடியிருப்புகளுக்கான, ஏழைகளின் நிவாரணத்துக்கென வசூலித்த வரியை நிலவுடைமையாளரே கட்ட வேண்டும் என்று 1843இல் ஏற்பட்ட விதி, அந்தக் குடிசைகளை இடித்துவிடத் தூண்டுதலாயிற்று. ஏழைகள் ஏன் நல்ல வீடு கட்டிக்கொள்ளவில்லை என்று சிலர் இப்போதும் கேட்பதுண்டு. எந்த நேரமும் வெளியேற்றப்படக்கூடிய குத்தகைதாரன் தன் வீட்டைச் செப்பனிட்டால் அது உடைமையாளருக்கே போய்ச் சேரும், குத்தகையும் உயரக்கூடும். நில உரிமைச் சட்டங்கள் வந்து, குறிப்பாக 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலம் உழுபவரின் கைக்கு மாறிய பிறகே, ஓடு வேய்ந்த கூரையும் பெரிய சன்னலும் பரவலாயின. 1883இல் தொடங்கிய தொழிலாளர் வீட்டுச் சட்டங்களால் 1914க்குள் 40,000க்கும் மேற்பட்ட புதிய குடியிருப்புகள் எழுந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் 1946 முதல் போகத் தொடங்கியதும் கணப்பின் ஆட்சி மெல்லத் தளர்ந்தது. அறுவடை இயந்திரம் வைக்கோலை நொறுக்கியதால் கூரை வேய நீண்ட தாள் கிடைப்பதும் அரிதாயிற்று.

நேரில் பார்க்க விரும்பினால், கிளேரிலுள்ள பன்ராட்டி நாட்டார் பூங்காவும், பெல்ஃபாஸ்டை அடுத்த கல்ட்ராவிலுள்ள அல்ஸ்டர் நாட்டார் அருங்காட்சியகமும் பல வட்டாரங்களின் வீடுகளை ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கின்றன. பன்ராட்டிப் பூங்காவின் தொடக்கமே, ஷானன் விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டியபோது இடிபடவிருந்த ஒரு பண்ணை வீட்டைப் பெயர்த்து வைத்ததுதான். அருங்காட்சியகத்துக்குப் போகாமலும் பார்க்கலாம். ஓடு வேய்ந்து, புதுச் சன்னல் வைத்து, முகமே மாறிவிட்ட வீடானாலும், சாலையில் நின்று வாசலையும் புகைபோக்கியையும் சேர்த்துப் பாருங்கள். புகைபோக்கி வாசலுக்கு நேர் மேலே முகட்டில் நின்றால், உள்ளே நுழைந்ததும் ஒரு தடுப்புச் சுவரோ அது இருந்த தடமோ இருக்கும். விலகி நின்றால், நீங்கள் கதவைத் திறந்ததும் அடுக்களைக்குள் நிற்பீர்கள்.